பழைய விண்டோஸ் எவ்வளவு தாங்கும்?

போன ஆண்டுக் கடைசியில் கோலாலம்பூரில் ஒரு நூல் அறிமுகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்ட வாழ்க்கை பற்றிய சிறுகதைத் தொகுப்பு. பேசியவர் நன்றாகப் பேசக்கூடியவர், நான் மதிக்கிறவரும்கூட. பேச்சின் பாதியில் இப்படி ஒரு வரி வந்தது: “நம்ம தோட்டத்துப் பெரிசுங்க எல்லாம் பழைய விண்டோஸ் மாதிரிங்க. எவ்வளவு ரேம் வாங்கிப் போட்டாலும் அது எடுத்துக்காது.” அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் பஸ் தாப்பா தாண்டி மலை ஏறி, வளைவுகள் ஆரம்பிக்கிற இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். நான் கணினிப் பொறியாளன். அந்த ஒரு வரி என் அம்மாவையும் என் தொழிலையும் சேர்த்துத் தப்பாகச் சொல்லியிருக்கிறது. பெரிசுகளைப் பற்றி அப்படிப் பேசலாமா என்று கூட்டத்தில் எழுந்து கேட்டிருந்தால் “சும்மா சிரிக்கத்தான் சொன்னேன் தம்பி” என்று முடித்திருப்பார். விண்டோஸைப் பற்றிச் சொன்னது சரியா என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் அதைத்தான் கேட்கப் போகிறேன்.

இதே வரியை அதே வாரத்தில் இன்னொரு இடத்திலும் கேட்டேன். எங்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் கணினி அறை இருக்கிறது. ஒன்பது கணினிகள். டீச்சர் கூப்பிட்டிருந்தார். “தம்பி, இதெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா, நீயே பார்த்துச் சொல்லு. நன்கொடை கொடுக்கிறவங்க வந்து பார்த்துட்டு, பழசுங்க, இதுல ஒன்னும் ஓடாது, மூணு மாசத்துல டேப்லட் தர்றோம், அறையைக் காலி பண்ணி வைங்கன்னு சொல்லிட்டாங்க” என்றார். வந்தவர்களுக்குக் கணினி தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றுதான் சொன்னார்களாம். ஒருவர் திரையில் வலது சொடுக்குப் போட்டு, ‘4.00 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 3.24 ஜிபி’ என்று காட்டியதைச் சுட்டி, “பாருங்க, கொடுத்ததையே இது முழுசா எடுக்கல” என்றாராம்.

அதே சிரிப்பு, அதே வாதம். ஒன்று இலக்கிய மேடையில், இன்னொன்று பள்ளியில். பழசு என்றால் கொள்ளளவு குறைவு, வயசானால் தாங்காது என்கிற நம்பிக்கைதான் இரண்டுக்கும் அடியில் இருப்பது.

சரி, அந்த முக்கால் ஜிபி எங்கே போனது?

தோட்டத்துக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், மற்றவர்களுக்கும் புரியும். ஆபீசில் கிராணி ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். வீட்டு எண் எழுத அதில் இரண்டே கட்டம். 00-இலிருந்து 99 வரை, மொத்தம் நூறு எண். நூற்றியோராவது வீட்டைக் கட்டலாம், குடி போகலாம், அடுப்பு எரியலாம். ஆனால் பதிவேட்டில் அந்த வீடு கிடையாது. தபால் வராது, தண்ணீர்க் குழாய் வராது. வீட்டில் எந்தக் குறையும் இல்லை. அதன் எண்ணை எழுதக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

32-பிட் இயங்குதளம் என்பது 32 கட்டமுள்ள பதிவேடு. ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1. எல்லாச் சேர்க்கையும் போட்டால் 4,294,967,296 எண்கள் கிடைக்கும். ஓர் எண்ணுக்கு ஒரு பைட். அதுதான் 4 ஜிபி. இதில் இயந்திரத்தின் வயசு எங்கேயும் வரவில்லை. இன்றைக்குப் புதிதாக ஒரு 32-பிட் இயங்குதளம் எழுதி, இதே கட்டக் கணக்கோடு விட்டால் அதற்கும் இதே எல்லைதான்.

அப்படியென்றால் 4 ஜிபி போட்டால் நாலும் தெரிய வேண்டுமே? தெரியாது. ஏனென்றால் நூறு எண்ணும் வீடுகளுக்கு மட்டும் இல்லை. கோயிலுக்கு ஓர் எண் வேண்டும், கிளினிக்குக்கு வேண்டும், தேயிலை ஆலைக்கு வேண்டும், துரை பங்களாவுக்குச் சேர்ந்தாற்போல் பத்து எண் வேண்டும். கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயாஸ் சிப் எல்லாமே இதே எண் வரிசையின் மேல்பக்கத்தில் இடம் பிடிக்கும். அவை எடுத்துக்கொண்ட எண்கள் போக மிச்சம்தான் ரேமுக்கு. 3.24 வரலாம், 3.5 வரலாம், பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் மூன்றுக்குக் கீழேயும் போகலாம். பள்ளிக்கு வந்தவர் திரையில் பார்த்தது ஒரு கிழட்டு இயந்திரத்தின் செரிமானக் கோளாறு இல்லை. பங்களாவுக்கு ஒதுக்கின எண்களை.

இதுவரைக்கும் கணக்கு. கணக்கோடு எனக்குச் சண்டை கிடையாது. இனிமேல் வருவது வேறு.

1995-இல் இன்டெல் பென்டியம் புரோ என்று ஒரு செயலியைக் கொண்டுவந்தது. அதில் பிஏஇ என்ற ஏற்பாடு இருந்தது. பதிவேட்டில் நாலு கட்டம் கூடுதல், மொத்தம் 36. கணக்குப் போட்டால் 64 ஜிபி. நான் பிறப்பதற்கு முன்பே இது நடந்துவிட்டது. 32-பிட் லினக்ஸ் அந்த 64-ஐப் பயன்படுத்தியது. விண்டோஸும் பயன்படுத்தியது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கும் விண்டோஸ் சர்வர் 2008-உம் ஒரே கர்னல், ஒரே கட்டுமான எண் 6001. அதன் 32-பிட் சர்வர் எண்டர்பிரைஸ் பதிப்பு 64 ஜிபி எடுக்கும். வீட்டில் ஓடுகிற 32-பிட் விஸ்டா 4 ஜிபியோடு நிற்கும். ஒரே வயிறு. விலைச்சீட்டைப் பார்த்துச் சாப்பாடு போடுகிறார்கள்.

எக்ஸ்பி கதை இன்னும் வேடிக்கை. 2004-இல் வந்த எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக், பாதுகாப்பு வசதி ஒன்றுக்காக, அதற்கு ஏற்ற செயலிகளில் இந்தப் பிஏஇ முறையை இயக்கிவிடும். அதாவது 36 கட்டப் பதிவேடு திறந்து மேசைமேல் இருக்கிறது. ஆனால் பழைய நூறு வீட்டுக்கு மேல் ஒன்றும் எழுதாதே என்று உத்தரவு.

இதற்கு அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் 2008-இல் இதை விளக்கி எழுதினார். 4 ஜிபிக்கு மேல் முகவரி வந்தால் பல நிறுவனங்களின் டிரைவர்கள், முக்கியமாக வீடியோ, ஆடியோ டிரைவர்கள், குழம்பிக் கணினியையே கவிழ்த்துவிட்டன. வீட்டுக் கணினிகளில் கண்ட கண்ட கார்டும் இருக்கும், ஆபத்து வேண்டாம் என்று எல்லையைப் போட்டார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆனால் கவனியுங்கள், காரணம் ‘இதால் முடியாது’ என்பது கிடையாது. ‘இதால் முடியும், சுற்றியிருப்பவர்கள் சரியில்லை, நாங்கள் பொறுப்பேற்க மாட்டோம்’ என்பது. இரண்டும் ஒன்றா? லயத்துப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்பதும், லயத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் அனுப்ப மாட்டோம் என்பதும் ஒன்றா?

டிரைவர் காரணத்தையாவது ஒத்துக்கொள்ளலாம். அடுத்ததை என்னால் முடியவில்லை.

2004 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் எடிஷன் என்று ஒன்றை அறிவித்தது. உலகத்துக்கெல்லாம் இல்லை. முதலில் மூன்றே நாடுகள்: தாய்லாந்து, இந்தோனேசியா, நம் மலேசியா. அதன்பிறகுதான் ரஷ்யாவும் இந்தியாவும். விலை குறைவான புதுக் கணினிகளோடு மட்டும் தருவார்கள், தனியாகக் கடையில் வாங்க முடியாது. உள்ளே இருந்தது அதே எக்ஸ்பிதான். மேலே கட்டிவிட்ட கயிறுகள்தான் புதுசு. ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்க முடியாது. ஆரம்பத்தில் ரேம் 256 எம்பிதான், பிறகு 512 ஆக்கினார்கள். முதலில் திரை 800×600-க்கு மேல் போகாது. வீட்டில் இன்னொரு கணினியோடு வலையமைப்பில் இணைக்க முடியாது. அதே ஆண்டில், அதே வயசுள்ள எக்ஸ்பியை முழு விலை கொடுத்து வாங்கினவர் 4 ஜிபி வரை போகலாம்.

கணினிக்குப் புதியவர்கள் குழம்பக்கூடாது, அவர்களுக்காக எளிமைப்படுத்தியிருக்கிறோம் என்றுதான் அதை விற்றார்கள். குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள், திருட்டு சிடியைத் தடுக்கப் பார்த்தார்கள், எல்லாம் சரி. ஆனால் நாலாவது நிரலைத் திறந்தால் குழம்பிவிடுவான் என்று மலேசியக்காரனைப் பற்றி யாரோ ஒருவர் ஒரு கூட்ட அறையில் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார் பாருங்கள், அந்த எண்ணை நான் மறக்க மாட்டேன். மூன்று. ஏன் மூன்று? சிலிக்கானில் மூன்று என்று எங்கேயும் எழுதவில்லை.

அந்த வழக்கம் அதோடு போகவில்லை. விஸ்டா ஸ்டார்ட்டர் வந்தபோது 1 ஜிபி. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபி, 32-பிட் மட்டும். அதிலும் மூன்று நிரல் கட்டுப்பாடு இருக்கும் என்றார்கள், எதிர்ப்பு வந்ததும் 2009 மே மாதம் எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு ஏன் அப்போது மட்டும் வந்தது என்று யோசித்தால் விடை சுலபம். 7 ஸ்டார்ட்டரைப் பணக்கார நாடுகளின் நெட்புக்குகளிலும் போடுவதாக இருந்தார்கள். ஏழை நாட்டுக்கு மூன்று போதும் என்றபோது இல்லாத கோபம், தன் மடிக்கணினியில் வந்ததும் வந்தது. ஆனாலும் அந்தப் பதிப்பில் திரையின் பின்படத்தை மாற்ற முடியாது. ஆமாம், வால்பேப்பரை. அதை மாற்ற எவ்வளவு ரேம் வேண்டும் என்று பொறியாளனாக யோசித்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

ஏழையாக இருப்பதைவிட, ‘உனக்கு இது போதும்’ என்று வேறொருவன் எண் போடுவதுதான் எரிச்சல்.

இங்கே என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். ரெண்டு வருடம் முன்னால் அம்மாவுக்கு ஒரு புதுக் கைத்தொலைபேசி வாங்கினேன். அம்மா குழம்பக்கூடாது என்று எளிய முகப்பைப் போட்டுக் கொடுத்தேன். பெரிய பெரிய படம், மொத்தமே ஆறு. அழைப்பு, குறுஞ்செய்தி, கேமரா, டார்ச்லைட், கடிகாரம், என் எண். எனக்குப் பெருமை வேறு, அம்மாவுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்தோம் என்று. மூணு மாசம் கழித்து வீட்டுக்கு வந்தால் முகப்பைக் காணோம். பக்கத்து வீட்டுப் பொண்ணை வைத்து எடுத்திருக்கிறார். “அதுல ஒன்னுமே வரமாட்டேங்குது ஐயா. எனக்கு பேங்க் பார்க்கணும், ஊர்ல இருக்கிற சித்திகிட்ட மூஞ்சியப் பார்த்துப் பேசணும், சமையல் பார்க்கணும். நீ ஆறு பொத்தான் வச்சிட்டுப் போயிட்டே.” நானும் என் வீட்டில் ஒரு ஸ்டார்ட்டர் எடிஷன் வெளியிட்டிருக்கிறேன். மூன்றுக்குப் பதிலாக ஆறு, அவ்வளவுதான் வித்தியாசம்.

செயலிக்கு வருவோம். ரேமைவிட இதில்தான் மூடநம்பிக்கை அதிகம்.

‘பழைய விண்டோஸ் ஒரு கோரைத்தான் பயன்படுத்தும்’ என்பார்கள். விண்டோஸ் 95, 98, மீ மூன்றுக்கும் அது உண்மை. எத்தனை செயலி வைத்தாலும் ஒன்றைத்தான் தொடும். (512 எம்பிக்கு மேல் ரேம் போட்டால் அவை தடுமாறும் என்பதும் உண்மை. கோப்புத் தற்காலிகச் சேமிப்பு முகவரி இடத்தையெல்லாம் தின்றுவிடும். ‘சிஸ்டம்.இனி’ கோப்பில் ஒரு வரி எழுதி அதற்கு எல்லை போட்டால் சமாளிக்கலாம். அதாவது அங்கேயும்கூட.) எக்ஸ்பிக்கு அது பொய். எக்ஸ்பி ஹோம் ஒரு செயலிச் சில்லை எடுக்கும், புரொஃபெஷனல் இரண்டை. ஆனால் அந்தச் சில்லுக்குள் எத்தனை கோர் இருந்தாலும் கணக்கில் சேராது. 32-பிட் எக்ஸ்பி 32 கோர் வரை பார்க்கும். 2001-இல் வெளிவந்த ஒன்று அது. இன்றைக்கு உங்கள் மடியில் இருக்கும் கணினியில் 32 கோர் இருக்கிறதா?

அப்புறம் ஏன் பழைய கணினிகளில் ஒரு கோர் சும்மா கிடக்கிறது? பள்ளியில் இருந்த ஒரே எக்ஸ்பி கணினியில் எனக்கு அந்த அனுபவம் கிடைத்தது. உள்ளே இரண்டு கோர் செயலி, டாஸ்க் மேனேஜரில் ஒரே ஒரு கட்டம். விசாரித்தால் யாரோ ஒரு கடைக்காரர், ஒரு கோர் உள்ள பழைய கணினியின் வட்டை அப்படியே நகலெடுத்து இதில் ஊற்றியிருக்கிறார். எக்ஸ்பி நிறுவப்படும் நேரத்தில் கணினியில் எத்தனை செயலி என்று பார்த்து அதற்கேற்ற அடித்தளக் கோப்பைப் போட்டுக்கொள்ளும். ஒன்று என்று எழுதிக்கொண்டால் ஒன்றுதான். பிறகு நீங்கள் இரண்டு வைத்தாலும் அது திரும்பிப் பார்க்காது. தேயிலை வெட்டுகிற இயந்திரத்தை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து நிரை நெடுக நடப்பார்கள். பெரட்டில் ஒருத்தர் பெயரை மட்டும் எழுதிவிட்டால், இன்னொருத்தர் வந்து மேட்டில் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கை இல்லையா? டிவைஸ் மேனேஜரில் அந்த ஒரு வரியை மாற்றி, கணினியை இருமுறை அணைத்துப் போட்டதும் இரண்டாவது கட்டம் வந்தது. பத்து நிமிட வேலை. எத்தனை வருடமாக அது மேட்டில் உட்கார்ந்திருந்ததோ.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கூத்தும் இருக்கிறது. ‘எம்எஸ்கான்ஃபிக்’கில் போய் செயலிகளின் எண்ணிக்கையை இரண்டு என்று குறித்தால் கணினி பறக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்தப் பெட்டி குறைப்பதற்காக வைக்கப்பட்டது, சோதனை செய்பவர்களுக்காக. குறிக்காமல் விட்டால் இருப்பதை எல்லாம் எடுத்துக்கொள்ளும். அதிகபட்ச நினைவகம் என்ற பெட்டியும் அப்படியே. எங்கள் பள்ளியில் யாரோ நல்லெண்ணத்தில் அங்கே 2048 என்று எழுதி வைத்திருந்தார்கள். 4 ஜிபி கணினி இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. அழித்தேன்.

அதே எக்ஸ்பி கணினியைப் பற்றி டீச்சர் சொன்ன இன்னொன்று: “இதுல தமிழ் வராது தம்பி, கட்டம் கட்டமா வரும். பழசுல்ல.” இதைக் கேட்டால் தமிழ் வாசகர்களான உங்களுக்காவது கோபம் வர வேண்டும். எக்ஸ்பிக்குத் தமிழ் தெரியும். லதா எழுத்துரு விண்டோஸ் 2000-லிருந்தே உள்ளே இருக்கிறது. ஆனால் நிறுவும்போது அதைத் தானாகப் போடாது. கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குள் போய் ஒரு பெட்டியைக் குறிக்க வேண்டும், சிடியைக் கொடுக்க வேண்டும். அதற்கு 10 எம்பி இடம் வேண்டும் என்று ஓர் எச்சரிக்கையும் வரும். பத்து எம்பி! ஒரு கல்யாணப் புகைப்படம் அதைவிடப் பெரிசு. யாரும் குறிக்காத ஒரு பெட்டிக்காக, பழசுக்குத் தமிழ் வராது என்று ஒரு பள்ளியே நம்பிக்கொண்டிருந்தது, அதுவும் தமிழ்ப்பள்ளி. இந்த நாட்டில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கியது 1985-இல். நிரல்களுக்கு 640 கேபிக்கு மேல் தராத டாஸ் காலம் அது. அந்த இடத்துக்குள் தமிழ் உட்கார்ந்தது. ஜிபி கணக்கில் இருந்துகொண்டு இங்கே தமிழுக்கு இடமில்லை என்கிறோம்.

எல்லாவற்றுக்கும் தூசு தட்டி உயிர் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பழைய இயங்குதளம் சாகத்தான் செய்கிறது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியும் ஆதரவு நின்றது. பாதுகாப்புத் திருத்தம் வராது, உலாவிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். 109-ஆம் பதிப்போடு குரோம் விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டது. இணையத்தில் பிள்ளைகளை அந்த விண்டோஸோடு உட்கார வைக்கக்கூடாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது நினைவகம் போதாமல் சாகவில்லை. அதோடு பேசுவதை மற்றவர்கள் நிறுத்திக்கொண்டதால் சாகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கணினி அப்படியே இருக்கலாம், இயங்குதளத்தை மாற்றினால் போதும்.

மாற்றினோம். ஒன்பதில் ஏழில் இன்டெல் கோர் 2 டுவோ, ஜி41 சிப்செட். செயலி 64-பிட். சிப்செட் 8 ஜிபி வரை தாங்கும். அதன்மேல் 32-பிட் விண்டோஸ் 7-ஐப் போட்டு வைத்திருந்தார்கள், அன்றைக்குக் கையில் இருந்த சிடி அதுவாக இருந்ததால். வீட்டுக்கு 64 கட்டப் பதிவேடு இருக்கும்போது 32 கட்ட நோட்டில் கணக்கு எழுதிய மாதிரி. 64-பிட் லினக்ஸ் போட்டதும் அந்த முக்கால் ஜிபி திரும்பி வந்தது. இரண்டு கணினி முதலில் ஒரு ரேமைப் பார்க்கவே இல்லை. மலை ஈரத்தில் தங்கப் பூச்சுக் கால்கள் கறுத்திருந்தன. ஒன்றாம் ஆண்டுப் பையன் ஒருத்தன்கிட்ட அழிப்பான் வாங்கித் தேய்த்துப் போட்டேன். வந்துவிட்டது. அவன் அழிப்பானைத் திரும்ப வாங்கும்போது அது கறுத்துப்போனதுக்குத்தான் கவலைப்பட்டான்.

பெரிய சாதனை ஒன்றுமில்லை. உலாவியில் இருபது பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். காணொளி ஓடும், எழுதலாம், வரையலாம், நிரல் பழகலாம். டேப்லட் வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டேப்லட்டை யாரும் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. இதில் பார்க்கலாம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நாலு பேர் ரேமைக் கழற்றி மாட்டப் பழகிவிட்டார்கள். நன்கொடைக்காரர்களின் படத்தில் அது வராது. மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்க அதில் இடமில்லை.

இனி மேடைக்குத் திரும்புகிறேன். நம் எழுத்தாளர்கள் ரப்பர் மரத்தைப் பற்றித் தப்பாக எழுதினால் நாம் விடுவதில்லை. பால் வெட்டுகிற நேரத்தை மத்தியானம் என்று எழுதினால் கட்டுரை எழுதிக் கிழிப்போம். தேயிலையில் கொழுந்தை எடுக்கிறார்களா, வெட்டுகிறார்களா என்று சண்டை போடுவோம், போட வேண்டியதுதான். ஆனால் கணினியிலிருந்து எடுக்கிற உவமைக்கு மட்டும் யாரும் சரிபார்ப்பதில்லை. ‘அவர் மண்டையில் இன்னும் விண்டோஸ் 98’, ‘அப்டேட் ஆகாத தலைமுறை’, ‘ஹேங் ஆகிப்போன மனசு’. புதுமையாகத் தெரிகிறது, கைத்தட்டல் கிடைக்கிறது. தோட்டத்துக்காரனைப் பற்றித் துரைமார் சொன்ன பழைய வசனத்தைத்தான் அது புதுச் சட்டையில் சொல்கிறது: இவனுக்கு இவ்வளவுதான் ஏறும். துரை சொன்னால் காலனியம், நாம் சொன்னால் நகைச்சுவையா?

பழைய விண்டோஸை உவமையாக எடுக்கவே கூடாது என்று இல்லை. எடுக்கிறவர் முழுசாக எடுக்கட்டும். முப்பது வருடம் ஒரு மனுசியின் பெயரைப் பதிவேட்டில் இரண்டு கட்டத்துக்குள் எழுதினது யார், அவர் கையில் இருந்த இரண்டாவது வேலையைக் கணக்கில் சேர்க்காதது யார், தமிழ்ப் பெட்டியைக் குறிக்காமல் விட்டது யார், மூன்று போதும் என்று சொன்னது யார். இவ்வளவும் அந்த உவமைக்குள் இருக்கிறது. எழுதத் தெரிந்தவர் எழுதினால் நல்ல கதையே வரும். அந்தக் கூட்டத்தில் பேசியவருக்கு எழுதத் தெரியும், அதனால்தான் இவ்வளவு கோபம்.

ஒன்பதாவது கணினியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதில் இன்டெல் 945 சிப்செட். அதற்கு உண்மையாகவே 32 கட்டம்தான், வன்பொருளிலேயே. 4 ஜிபி போட்டு எந்த இயங்குதளத்தை ஏற்றினாலும் மூன்றே காலுக்குப் பக்கத்தில் நின்றுவிடும், 64-பிட் லினக்ஸுக்கும் அதேதான். ரெண்டு சாயங்காலம் பயாஸில் தேடிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டேன். பெட்டியின் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, பிள்ளைகளுக்காக எழுதி வைத்திருக்கிறேன்: ‘இதற்கு 3.2 ஜிபிதான். சோதித்துப் பார்த்தாகிவிட்டது.’ மற்ற எட்டில் தாள் எதுவும் ஒட்டவில்லை.